சத்து மாத்திரையும் என் ஆராய்ச்சியும்

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது விடுதிக்குக் கட்டிய முன்பணம், அம்மா குழுவில் எடுத்த உள்கடன். அதனால் "அப்படி என்னதான் படிக்கிறே?" என்று கேட்கிற உரிமை இங்கே உள்ள அத்தைமார்கள் அத்தனை பேருக்கும் இருக்கு.

ஆபரேஷனுக்குப் பிறகு தானாகக் கரையுற தையல் நூல் தெரியும் இல்லையா? அந்த நூல் செய்கிற பாலிமர் வகையில்தான் நான் துகள் செய்கிறேன். ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக வைத்தால் 500 துகள் பிடிக்கும். உள்ளே ஒளிரும் சாயம். வெளியே போலிக் அமிலம். மாசமா இருக்கும்போது நர்ஸம்மா கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருக்குமே, அதேதான். புதுசாக செல் உண்டாக அது வேணும். புற்றுநோய் செல் ஓயாமல் பெருகுது. அதனால் பல வகைப் புற்றுகளில் அந்தச் சத்தைப் பிடித்திழுக்கும் கொக்கிகள் செல்லின்மேல் அதிகமா இருக்கும். சத்து என்று நினைத்து என் துகளைப் பிடிக்கும். நுண்ணோக்கியில் அந்த செல் மின்னும்.

மின்னணும். எனக்கு ஆறு மாசம் மின்னவே இல்லை. துகளைக் குறை சொன்னேன், சாயத்தைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால், செல் வளர்க்கிற திரவத்திலேயே போலிக் அமிலம் தாராளமா இருந்திருக்கு. வயிறு நிறைஞ்ச பிள்ளைக்குச் சோறு ஊட்டின கதை. என் கவனக்குறைவு, வேறென்ன. அது இல்லாத திரவத்துக்கு மாற்றின பிறகுதான் பிடிச்சது.

நான் சோதிக்கிற செல்லுக்கு ஹீலா என்று பெயர். 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து பிள்ளைகளின் தாய். அதே வருஷம் 31 வயதில் இறந்துபோனார். அந்த செல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மா ஞாபகம். அவங்களுக்கும் இதே நோய். வெள்ளையோடு ரத்தமும் பட்டதை இரண்டு வருஷம் மறைச்சாங்க. வாராவாரம் குழுவுக்கு வந்து சந்தா கட்டினாங்க. இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லலை.

"உன் மருந்து எப்போ வரும்?" என்று அம்மா கேட்பாங்க. அது மருந்து இல்லை, கண்டுபிடிக்கிற வழி. இன்னும் சோதனைத் தட்டைத் தாண்டவில்லை. மனுஷருக்குப் பயன்பட வருஷக்கணக்காகும்; வராமலும் போகலாம்.

ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்று இருக்கு. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த பதத்தில் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்துப் பார்ப்பாங்க. கோளாறான இடம் வெள்ளையாகும். வெள்ளையானதெல்லாம் புற்று இல்லை. அடுத்த சோதனைக்கு அனுப்புவாங்க. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31,000 பேருக்கு மேல் பயிற்சி பெற்ற நர்ஸுகளே இதைச் செய்தாங்க. தேவைப்பட்டவங்களுக்குச் சிகிச்சையும் நடந்தது. அந்தச் சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. வர்ற வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். கூட வர்றவங்க, சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஊக்குநர் அக்காகிட்ட பேர் கொடுத்துடுங்க.