பழந்துணியும் நம் கைத்தொழிலும்

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏட்டைக் கொடுத்துவரும் இக்கழகம், வெள்ளி விழா ஆண்டில் நம் பெண்களின் கைத்தொழிலைப் பற்றியும் எண்ணிப் பார்க்க முனைந்தது மிகவும் பொருத்தமானது. பழைய பொருள்களை வாங்கி, அவற்றைப் புதிய கைவினைப் பொருள்களாக்கி விற்கும் சிறுதொழிலைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். தையல் பழகிய பெண்கள் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். பழைய சேலையைப் பையாகவும் விரிப்பாகவும் தைத்து விற்றுப் பிழைக்க முடியுமா என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. முடியும் என்பதே நம் விடை. ஆயினும் அவ்விடைக்கு முன்னால் நம் சமூகத்தார் கேட்டே தீரவேண்டிய மற்றொரு கேள்வி நிற்கிறது. பிறர் கழித்த துணியை நாம் மீண்டும் ஏன் கையில் எடுக்க வேண்டும்?

இது வீண் ரோஷத்தால் எழும் கேள்வியன்று. மனுநூலின் பத்தாம் அதிகாரம், சண்டாளர் என்று தான் ஒதுக்கிய மக்களுக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பையும், உடைந்த கலத்தில் உணவையும், இறந்தவரின் ஆடையையும், இரும்பு அணியையும் விதித்தது. ஏட்டில் இருந்த விதி நாட்டிலும் நடந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்க்கு எதிராக எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டதை ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பொன்னும் வெள்ளியும் பூணக் கூடாது என்பவை அவற்றுள் சில. நம் முன்னோர்க்குத் துணி என்பது மானத்தை மறைக்கும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. இன்னார் இன்ன சாதி என்று தொலைவிலிருந்தே காட்டும் அடையாளமாகவும் அது ஆக்கப்பட்டிருந்தது.

இதனை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், பிறர் எறியும் எச்சிற் சோற்றையும் செத்த மாட்டின் இறைச்சியையும் இனித் தொடாதீர்கள் என்று அறிவுறுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அதே ஊரில் மனுநூல் எரிக்கப்பட்டது. அப்பொழுது பெண்களிடம் தனியே பேசிய அண்ணல், சாதியைக் காட்டிக்கொடுக்கும் முறையில் சேலை கட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார். துப்புரவுத் தொழிலைப் புனிதமென்று போற்றி, அதனைச் செய்வோரை அதிலேயே நிறுத்திவைக்கும் உபதேசத்தையும் 1945இல் வெளிவந்த தம் நூலில் அவர் கடுமையாகக் கண்டித்தார்.

இன்று உலகெங்கும் கழிவுப் பொருளைப் பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது. எதனையும் எறியாதீர்கள், மீண்டும் பயன்படுத்துங்கள் என்று கற்றோர் கூறுகின்றனர். நல்ல பேச்சுதான். ஆனால் நம் திருச்சிராப்பள்ளி மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக அரியமங்கலத்தில் மலைபோல் குவிந்ததே, அந்தக் குப்பையை வாரியவர் யார்? துப்புரவுப் பணியாளருள் பெரும்பாலோர் நம் மக்களே. ஆகவே புதிய பெயரொன்றைச் சூட்டிக் கழிவை மட்டும் நம்மிடம் தந்து, ஆதாயத்தை வேறொருவர் கொண்டுபோகும் ஏற்பாடு எதற்கும் நாம் உடன்படலாகாது. பழந்துணியைத் தொடுவதில் இழிவில்லை. அதன் விலையைப் பிறர் தீர்மானிப்பதில்தான் இழிவு இருக்கிறது. பண்ணையார் வீட்டு வாசலில் கைநீட்டிப் பெற்ற சேலை வேறு. கடைத்தெருவில் காசு கொடுத்து, ஆராய்ந்து, பேரம் பேசி வாங்கிய சேலை வேறு. முன்னது நம்மைக் கடன்பட்டவராக்கும். பின்னது நம் தொழிலின் மூலப்பொருள். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு தொழிலுக்குள் நுழைவோம்.

துணித் தொழில் நம் ஊருக்குப் புதிதன்று. உறையூர்ப் பருத்தித் துணியின் புகழை முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூலும் குறிப்பிடுவதாக அறிஞர் கொள்வர். துணி நமக்கும் அந்நியமன்று. தமிழ்நாட்டின் அட்டவணைச் சாதியார் பட்டியலில் உள்ள கோலியர் நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள். கந்தலைத் தவிர நமக்கு வேறொன்றும் தெரியாது என்பார்க்கு இதுவே மறுமொழி.

மூலப்பொருள் எங்கே கிடைக்கும்? நம் தெருக்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருவோர் வருவதையும், பழைய பட்டுச் சேலையும் சரிகையும் வாங்குவோர் கூவிச் செல்வதையும் அனைவரும் அறிவோம். கோயில்களில் காணிக்கையாக வந்த சேலைகள் ஏலம் விடப்படுவதும் உண்டு. மேற்கே கரூர், வீட்டு உபயோகத் துணிகளைத் தைத்து ஏற்றுமதி செய்யும் ஊர். அதற்கும் அப்பால் திருப்பூர், பனியன் நகரம். இவ்விரண்டு ஊர்களிலும் வெட்டி மீந்த துண்டுகள் எடைக்கு விற்கப்படுகின்றன. இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் கைம்முதல் கரைந்துபோகும்.

முதலில் துணியின் இனத்தை அறிய வேண்டும். ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிவதுபோல் மணத்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் மணியாகச் சுருளும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். அடுத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடைபோல் தெரியும். சேலையின் கால்பக்கக் கரை தரையில் உராய்ந்து தேய்ந்திருக்கும்; முந்தானை பெரும்பாலும் உறுதியாக இருக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் சோதிக்க வேண்டும். பிறகு வெந்நீரும் சோப்பும் இட்டு ஊறவைத்து, துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். வெந்நீர் பருத்திக்கே உரியது, பட்டுக்கு ஆகாது. பழம் பட்டுச் சேலையில் வெள்ளிச் சரிகை இருக்கக் கூடும். வியாபாரிகள் அதனைச் சோதித்து வாங்கி, பட்டை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். ஆகையால் சரிகையின் மதிப்பை விசாரித்தறியாமல் பட்டுச் சேலையில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள்.

பழந்துணி தனியே நின்றால் பாரம் தாங்காது. ஆகவே பைக்கு இரண்டு மடிப்பாகத் துணி இட வேண்டும். பை முதலில் அறுந்துபோவது கைப்பிடி சேருமிடத்தில்தான். கைப்பிடியின் உள்ளே புதிய காடாத் துணியை வைத்து, சேருமிடத்தில் சதுரமாகவும் குறுக்காகவும் தையல் போட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் இட்டுக் காந்தா என்னும் போர்வையைச் செய்துவந்தனர். வீட்டுக் குழந்தைக்காகத் தைத்த அந்தப் போர்வை இன்று கடல் கடந்து விலைபோகிறது. வட கன்னடத்துச் சித்தியரும் துண்டுத் துணிகளை இணைத்து அழகிய மெத்தை விரிப்புகள் தைக்கின்றனர். பழைய சேலையில் தூளி கட்டியும், ஒட்டுத் துணியில் சுருக்குப் பை தைத்தும் பழகிய நம் பாட்டிமாரின் கைக்கும் அத்திறம் உண்டு. அதற்கு விலை கேட்கும் துணிவுதான் இதுவரை இல்லை.

இனி விலைக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, ஒரு பழைய பருத்திச் சேலையை 60 ரூபாய்க்கு வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டரில் நைந்த பகுதியைக் கழித்தால் மூன்றரை மீட்டர் தேறும். இரண்டு மடிப்பாக வெட்டினால் நடுத்தர அளவில் 5 பைகள் ஆகும். சோப்பு, நூல், காடாத் துணி ஆகியவற்றுக்கு 40 ரூபாய். பேருந்துச் செலவு, மின்சாரம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றுக்கு 50 ரூபாய். துவைத்து, வெட்டி, தைத்து முடிக்க 5 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய் கூலி என்றால் 350 ரூபாய். மொத்தம் 500 ரூபாய். பை ஒன்றுக்கு அடக்கவிலை 100 ரூபாய் ஆகிறது.

இப்பொழுது வாங்க வருபவர், "பழைய துணிதானே, ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்துவிடு" என்கிறார். நாமும் சரியென்று கொடுத்துவிடுகிறோம். கையில் வந்தது 250 ரூபாய். கைவிட்டுச் செலவழித்தது 150 ரூபாய். மிச்சம் 100 ரூபாய். நூறு ரூபாய் ஆதாயம் என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். உண்மையில் ஐந்து மணி நேர உழைப்பை மணிக்கு 20 ரூபாய்க்கு விற்றிருக்கிறோம். நம் கூலியை நாமே கணக்கில் சேர்க்காமற் போனால், அதைச் சேர்க்க வேறு யார் வருவார்? தாய்மார்களே! தையல் இயந்திரம் வாங்குமுன் ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள். வாங்கிய விலை, செலவான நேரம், விற்ற விலை இம்மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரட்டும். இக்கழகம் புகட்டிய கல்வி அந்த நோட்டில் பயன்தரட்டும்.

சந்தை நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. திருவரங்கத்தில் மார்கழியின் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவுக்கு எண்ணற்ற மக்கள் வருகிறார்கள். நவராத்திரியில் கொலு வைக்கும் வீடுகளிலும், திருமண வீடுகளிலும் தாம்பூலப் பை வேண்டும். அங்கே சிறிய பையாக, ஒரே அளவாக, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். ஒருத்தி தனியே அதனை நிறைவேற்ற இயலாது. பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் இயலும். பழந்துணியில் செய்தது என்பதை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். மங்கல காரியத்துக்குப் பழந்துணி ஆகாது என்று கருதுவோர்க்குத் தையற்கடைகளிலும் கரூரிலும் மீந்த புதுத்துண்டில் செய்து கொடுக்கலாம். பொய் சொல்லி விற்ற பை ஒருமுறைதான் விலைபோகும்.

பிற இடங்களில் நடந்தவற்றையும் அறிதல் நன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களைக் கொண்டு ஆலைகளில் மீந்த துண்டுத் துணியில் ‘சுனாமிகா’ என்னும் சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்வித்தது. அது விற்பனைப் பொருளாக அல்லாமல் அன்பளிப்பாகவே பல நாடுகளுக்குச் சென்றது; நன்கொடையே அதனைத் தாங்கியது. துயருற்ற உள்ளங்களுக்கு அது மருந்தாயிற்று. நன்கொடை வரும்வரை மட்டுமே நடக்கும் தொழிலை நம்பி நாம் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் அது நமக்கு உணர்த்துகிறது.

மற்றொன்று, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற நம்மவர் பலர் வாழும் மும்பைத் தாராவியில் நடந்தது. 2015இல் மகாராட்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை கடுமையாக்கப்பட்டதும் தோல்தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். சுதீர் ராஜ்பர் என்னும் கலைஞர் அத்தொழிலாளரோடு சேர்ந்து, கழிவு இரப்பரைத் தோலுக்கு மாற்றாகக் கொண்டு பைகள் செய்யலானார். நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் ‘சமார் ஸ்டூடியோ’. வடநாட்டில் வசைச் சொல்லாக எறியப்பட்ட சாதிப் பெயரே அங்கே நல்ல வேலைப்பாட்டின் முத்திரையாக நிற்கிறது. வாங்குவோர் அப்பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்! நம் பையிலும் செய்தவர் குழுவின் பெயர் தைக்கப்பட வேண்டும். பெயரில்லாத உழைப்பு எளிதில் பிறர் உடைமையாகிவிடும்.

அரசின் உதவிகளையும் கேட்டுப் பெறவேண்டும். 1974இல் அமைக்கப்பட்ட தாட்கோ நம் தொழில்முனைவோர்க்கென்றே உள்ளது. 2023இல் தொடங்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியத்துக்கும் 6 விழுக்காடு வட்டி மானியத்துக்கும் வகை செய்தது. 2012ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்முதல் ஆணை, பட்டியல் இனத்தாரும் பழங்குடியினரும் நடத்தும் சிறுதொழில்களிடமிருந்து 4 விழுக்காடு கொள்முதல் செய்ய வேண்டும் என்கிறது. உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இவை எவரும் இடும் பிச்சையல்ல. நாம் செலுத்தும் வரியில் நமக்குள்ள பங்கு.

இறுதியாக ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். இத்தொழில் பெருகும்போது, தைக்க ஆள் போதவில்லை என்று எந்தத் தாயும் தன் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடக் கூடாது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால் நூற்பாலைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, படிப்பையும் உடல்நலத்தையும் இழந்த இளம்பெண்களுள் நம் சமூகத்தார் பலர். நூலுக்குப் பலியான அந்தப் பிள்ளைகளை நினைவிற் கொள்வோம். தாய் தைக்கும் பை மகளின் புத்தகத்தைச் சுமக்க வேண்டும். தைக்கத் தெரிந்த மகள் நாளை விரும்பினால் இத்தொழிலையே பெரிய நிறுவனமாக நடத்தட்டும். விரும்பாவிட்டால் மருத்துவராகவோ நீதிபதியாகவோ ஆகட்டும். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுடையதாக இருப்பதுதான், பிறப்பால் தொழில் என்ற பழைய விதி முறிந்ததற்கு அடையாளம்.

அந்த உரிமையை நம் பிள்ளைகளுக்குத் தேடித்தரவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டது. அதன் பணி பொன்விழாக் கண்டு மேலும் வளர்க!

வாழ்க கல்வி! ஜெய் பீம்!