தேடினால் கிடைக்காத ‘வெளியேற்றம்’: சின்ன ஸ்கிரிப்ட்கள் பற்றிக் கொஞ்சம்

(எங்கள் தொழில்நுட்ப அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையை முழுதாக மாற்றவில்லை.)

இங்க பாதிப் பேர் கோட் எழுதிச் சம்பளம் வாங்குறீங்கள். மிச்சப் பேர் டெர்மினலைக் கண்டால் லேப்டாப்பை மூடுறீங்கள். ரெண்டு பகுதிக்கும் சேர்த்துத்தான் பேசப் போறன். முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கட ஆவணத் தொகுப்பில் இருக்கிற பழைய கோப்புகளில் அநேகமானவை பாமினியில் தட்டச்சு செய்தவை. பாமினி என்பது ஒரு ஃபொண்ட் மட்டும்தான். கணினிக்கு அது தமிழ் எண்டே தெரியாது. ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள்ளே ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். அதனால் எதையும் தேட முடியாது. யூனிகோடுக்கு மாற்ற ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் ஆக்களின் வாக்குமூலங்களை யாரோ ஒருவரின் சர்வரில் ஒட்டுவது சரியில்லை என்று நினைத்தோம். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு இளம் தோழர், 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியது பற்றி ஒரு குறிப்பு எழுத வெளிக்கிட்டார். தொகுப்பில் ‘வெளியேற்றம்’ என்று தேடினார். ஒன்றுமே வரவில்லை. கூட்டத்தில் கேட்டார்: “எங்கட ஆக்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதேல்லையா?” மூத்த தோழர் ஒருவருக்கு முகம் மாறிவிட்டது. “எழுதினம். நானே இருந்து டைப் பண்ணினன்” என்றார். அந்த இளம் தோழர் அவரை நம்பவில்லை. நானும் பாதிதான் நம்பினேன்.

கோப்பு இருந்தது, சொல்லும் இருந்தது. ஆனால் என் ஸ்கிரிப்ட் அதை ‘வௌியேற்றம்’ என்று மாற்றி வைத்திருந்தது. சில ஃபொண்ட்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். பழைய செய்தித் தளங்களில் ‘வௌிநாடு’ என்று பார்த்திருப்பீர்கள், அதே வியாதி.

காரணம் இதுதான். பாமினியில் நாங்கள் கையால் எழுதுகிற ஒழுங்கில்தான் எழுத்துகள் வரும். முதலில் கொம்பு, பிறகு மெய். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. ஆகவே இடம் மாற்ற வேண்டும். ‘கௌரவம்’ பாமினியில் கொம்பு, க, ள என்று இருக்கும். ஔகாரக் குறியின் வால் என்று தனியாக எதுவும் இல்லை, ள-வையே போடுவார்கள். நான் எழுதிய விதி: கொம்பு, ஒரு மெய், ஒரு ள சேர்ந்து வந்தால் அது ஔகாரம். ‘வெளி’யும் அதே ஒழுங்கில்தான் வரும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சோதிக்காமல் விடவில்லை. கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் சரியாக வந்தன. என் விதிக்கு வசதியான சொற்களை மட்டும் பொறுக்கிச் சோதித்திருக்கிறேன்.

இப்ப எப்படி வேலை செய்கிறேன் எண்டு சொல்லுறன். திரையை ரெண்டாகப் பிரிக்கிறேன். இடது பக்கம் ஸ்கிரிப்ட், வலது பக்கம் டெர்மினல். ஈ-என்-டி-ஆர் என்று நாலே எழுத்தில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். கோப்புகளின் பட்டியலை அதுக்குக் கொடுத்து, ஒரு கமாண்டையும் கொடுத்தால், எந்தக் கோப்பைச் சேமித்தாலும் அந்தக் கமாண்டை உடனே ஓட்டும். (இடையில் புதிதாகச் சேர்த்த கோப்பு அதுக்குத் தெரியாது. நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். இதில் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.) சோதனைக் கோப்பு ஒரு சாதாரண அட்டவணை: ஒரு பக்கம் பாமினி, மறுபக்கம் வர வேண்டிய யூனிகோட். பிழைத்த வரிகளை மட்டும் காட்டும். முழுவதும் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். அதுக்கு மேல போனால் நான் ஃபோனை எடுத்துவிடுவேன், பிறகு எதை மாற்றினேன் என்பது ஞாபகம் இருக்காது.

கண்ணை நம்ப வேண்டாம். பைத்தானை ‘ஐ’ என்ற கொடியோடு ஓட்டினால், ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் கதவு திறந்திருக்கும். உள்ளே போய் எந்த மாறியையும் விசாரிக்கலாம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதில் உள்ள ஒவ்வொரு குறியின் யூனிகோட் பெயரையும் வரிசையாகச் சொல்ல மூன்று வரி ஃபங்ஷன் போதும். அந்தக் கூட்டம் முடிந்த இரவு அதைத்தான் செய்தேன். எகரக் கொம்பும் ளகரமும் இருக்க வேண்டிய இடத்தில் ஔகாரக் குறி இருந்தது. பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் விட முக்கியமான பழக்கம் ஒன்று. மூலக் கோப்புகளில் ஸ்கிரிப்ட் கை வைக்கக் கூடாது. மாற்றியவை வேறு ஃபோல்டருக்குப் போகும், அந்த ஃபோல்டர் கிட்டில் இருக்கும். ஒரு விதியை மாற்றினால் முழுத் தொகுப்பையும் திரும்ப ஓட்டி, முந்தியதுக்கும் இப்போதையதுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல் சொல்லாகப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் வாசிக்க ஏலாது, முப்பது நாற்பது வரியாவது வாசிப்பேன். ஔகார விதியைச் சேர்த்த அன்று இதைச் செய்திருந்தால் ‘வெளி’ எல்லாம் உடைவது முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

இப்ப விதி திருத்தியாச்சு: ள-வுக்குப் பிறகு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ஔகாரம் இல்லை. வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் தப்பித்தன. ஆனால் தனி ள வருகிற இடம் இன்னும் சிக்கல். எழுத்துத் தமிழில் அது அநேகமாக ஔகாரம்தான். வாய்மொழிப் பதிவுகளில் அப்படி இல்லை. ஒரு மலையகத் தோழரின் பதிவில் ‘வெளக்கு’, ‘வெளங்குது’ என்று அவர் பேசினபடியே எழுதியிருக்கிறார்கள். என் ஸ்கிரிப்ட் அவரை ‘வௌக்கு’ என்று பேச வைக்கும். ஆகவே தனி ள வந்தால் அது தானாக எதையும் முடிவு செய்யாது. அந்த வரியை ஒரு பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருக்கும்.

இன்னொரு விசயம், இது எல்லாருக்கும். டெர்மினலில் நீங்கள் அடித்த கமாண்ட்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் சேமிக்கப்படும். ஒருவரின் பெயரைத் தேடினால் அந்தப் பெயரும் அங்கே இருக்கும். வாக்குமூலம் கொடுத்தவர்களின் பெயரைக் கமாண்டில் அடிக்க வேண்டாம். ஸ்கிரிப்ட் கேட்கட்டும், அப்போது கொடுங்கள். லேப்டாப்பை விமான நிலையத்தில் யாராவது திறக்கச் சொன்னால் என்ன ஆகும் எண்டு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த இளம் தோழரின் குறிப்பு இன்னும் முடியவில்லை. மூத்த தோழர் டைப் பண்ணின கட்டுரையை இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கினம், சண்டையும் பிடிக்கினம். தனி ள பட்டியலில் 61 வரி மிச்சம். அதுக்குக் கோட் தெரிய வேண்டாம், பதிவின் ஒலியைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதினால் போதும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பின் மேசையில் இருப்பேன். ஹெட்ஃபோன் ரெண்டு இருக்கு.