‘ஏன்?’ என்று கேட்போம். ஒன்றாய் எழுந்து நிற்போம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்பது, கேட்ட கேள்விக்குச் சரியான விடை எழுதிய பிள்ளைகளைப் பாராட்டும் நாள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் வீட்டில் பிள்ளை ‘ஏம்பா?’ என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ‘சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே’ என்கிறோம். அது வெறும் கோபம் இல்லீங்க, பழைய பயம். தோட்டத்தில் எதிர்த்துப் பேசியவனுக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்படி வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார், பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று வாயடக்கத்தைக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும், அந்தப் பயத்தை நம் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்தாக எழுதி வைக்கலாமா? யோசித்துப் பாருங்கள்.

தத்துவம் என்றாலே ‘அது பெரிய படிப்புப் படித்தவர் சமாச்சாரம், நமக்கெதற்கு’ என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். இம்மானுவேல் கான்ட் என்பது அவர் பெயர். 1724இல், அன்றைய பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். தகப்பனார் குதிரைச் சேணத்துக்கு வார் தைத்துப் பிழைத்த கைத்தொழிலாளி. அந்தத் தொழிலாளியின் மகன் 1784இல் ஒரு கட்டுரை எழுதினார். வளர்ந்த மனிதன் தன் காரியத்தைத் தானே சிந்திக்காமல், எப்போதும் பிறர் கையைப் பிடித்தே நடக்கிறான். அதற்குக் காரணம் அறிவில்லாமை அன்று, துணிவில்லாமை என்பது அதன் சாரம்.

மறு ஆண்டு எழுதிய நூலில் இன்னொன்றும் சொன்னார். பொருளுக்கு விலை உண்டு. விலையுள்ள பொருளுக்குப் பதில் வேறொன்றை வாங்கிவிடலாம். மனிதனுக்கு விலை இல்லை, மாண்புதான் உண்டு. இதை நம் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். கட்டிப்பாலுக்கு விலை உண்டு, அது சந்தையில் ஏறும், இறங்கும். பால்மரம் வெட்டுகிற அம்மாவுக்கு விலை கிடையாது. ஆனால் நடந்தது என்ன? 1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதாரம் சரிந்து, ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரக்கணக்கான நம் மக்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ரப்பருக்கு விலை இல்லையென்றால் ரப்பர் வெட்டும் மனிதனும் வேண்டாம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்!

இங்கே ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. மனித மாண்பைப் பேசிய அதே கான்ட், 1797இல் வாக்குரிமை பற்றி எழுதும்போது, பெண்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் கூலிக்கு விறகு வெட்டுகிறவர்களுக்கும் அது இல்லை என்று எழுதினார். தாம் கேட்ட கேள்வியை அவரே பாதி வழியில் விட்டுவிட்டார். மீதி வழியை யார் நடந்தது? அவர் கணக்கில் சேர்க்காத அந்தப் பெண்களும் கூலிக்காரர்களும்தான் நடந்தார்கள். ஆகவே, எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டும். நம் வள்ளுவப் பெருந்தகை அறிவு என்பதற்கு இலக்கணமே அப்படித்தானே வகுத்தார்!

நம் நாட்டில் நடந்ததற்கு வருவோம். 1929 டிசம்பரில் தந்தை பெரியார் ஈ.வெ.ரா. கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பல ஊர்களில் பேசினார். அவருடைய கேள்விகள் முதலில் நம்மை நோக்கித்தான் வந்தன. கடல் கடந்து ஒரே கப்பலில் வந்தவர்களுக்குள் சாதி ஏன்? பெண்பிள்ளைக்குப் படிப்பு ஏன் கூடாது? அன்றைக்குச் சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. அந்தக் கேள்விகள் விதையாகி, 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிற பழக்கம் நம்மிடையே வளர்ந்தது.

தன் வீட்டைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கப் பழகியவன், துரை பங்களாவைப் பார்த்தும் ஒருநாள் கேட்பான். அந்த நாள் 1941இல் வந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்கள் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூலம் தொழிலாளர்களுக்கு முன்னின்றார். அவர்கள் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளைப் படித்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை இந்தியத் தொழிலாளிக்கும் கொடு என்றார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்து என்றார்கள். மற்றவையெல்லாம் காசுக் கணக்கைத் தாண்டியவை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, சரியான மருத்துவ வசதி, எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடையை மூடுதல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக உரிமை, சங்கம் வைக்க உரிமை, குறை சொன்னவனைப் பழிவாங்காமை. அவற்றில் ஒன்று, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது!

மாணவச் செல்வங்களே, சைக்கிளை விட்டு இறங்காமல் போனால் யாருக்கு ஒரு காசு லாபம்? ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் அதற்காக வேலையைத் துறந்து நின்றார்கள். ‘நான் விலைப்பொருள் அல்ல, மனிதன்’ என்று கான்ட் ஏட்டில் எழுதியதை, அவர் பெயரைக்கூடக் கேட்டிராத நம் பாட்டன்மார் செம்மண் சாலையில் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி சொன்னார்கள். தத்துவமும் அரசியலும் கைகோத்த இடம் அதுதான்.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. நாதன் அவர்கள் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் படையெடுப்பும் வந்துவிட்டது. ‘அப்படியானால் கேள்வி கேட்டு என்ன பலன்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடக்கினாலும் அது அணையவில்லை என்பதே என் பதில். போர் முடிந்ததும் 1946, 1947இல் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அவர்கள் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடைக்கு முன் நம் ஆண்களும் பெண்களும் மறியல் செய்தார்கள். 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. குடியிருப்பு வசதிக்கென 1990இல் சட்டம் வந்தது. 2013இல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்று குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது 1,700 ஆயிற்று. இதில் எதுவும் யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சை இல்லை. கேட்டார்கள், கூடினார்கள், தட்டினார்கள், கதவு மெல்ல மெல்லத் திறந்தது.

இரண்டு தவறான வழிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டுக் கேட்டு வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பது ஒன்று. அது பேச்சுச் சுகம். மழையில் ஒழுகுகிற கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்காமல் கொடி பிடித்து ஓடுவது இன்னொன்று. அவனை எவனும் எந்தப் பக்கமும் ஓட்டிப் போகலாம். சிந்தனை கண் என்றால் செயல் கால். கண்ணில்லாத கால் பள்ளத்தில் விழும். காலில்லாத கண் பார்த்துப் பார்த்து ஏங்கும்.

இன்றைக்கு நாம் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன? நம்மில் பலர் தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். நாம் விட்டு வந்த லயங்களில் இன்று யார் இருக்கிறார்கள்? இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் செம்பனை வெட்டுகிறார்கள். கடப்பிதழைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்று அவர்கள் சொல்லும்போது, ‘அது அவங்க பாடு’ என்று நாம் போகலாமா? கப்பல் கடனைத் தலையில் சுமந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயம் என்றால் அது நியாயமே இல்லை.

பெற்றோர்களே, தாய்மார்களே! பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ‘வா, ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லுங்கள். தோழர்களே! சம்பளச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் திணிக்காமல், வீட்டில் படிக்கிற பிள்ளையைவிட்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். புரியாததைச் சங்கத்தில் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள்.

மாணவச் செல்வங்களே! நம் நாட்டில் 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. இன்று ஆறாம் ஆண்டில் பரிசு வாங்குகிற உங்களுக்கு இன்னும் ஆறே ஆண்டுதான். உங்கள் கைக்கு வாக்குச் சீட்டு வரும்போது, ‘யார் சொன்னது?’ என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ‘சொன்னது உண்மையா? அதனால் யாருக்கு நன்மை? யார் விடுபட்டுப் போனார்கள்?’ என்று கேளுங்கள். கேட்ட பிறகு, விடுபட்டவர் பக்கம் போய் நில்லுங்கள்.

பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டு. பெறாதவர்களுக்கும் என் அன்பு. 

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க மாணவச் செல்வங்கள்!