மூன்றாவது பின் எதற்கு?

(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)

வழக்கமாக இந்த நேரத்தில் உரம், பூச்சி மருந்து, கறவை மாடு பற்றியெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் பேசுவார்கள். நான் வயரிங் வேலை செய்கிறவன். கோயம்புத்தூர் ஜில்லாவில் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தோட்டத்து வீடுகளுக்கும் மோட்டார் ரூம்களுக்கும் லைன் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும் புதுப்புது மின்சார சாமான்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எது நல்ல கம்பெனி, எது விலை குறைவு என்று சொல்வேன் என எதிர்பார்க்காதீங்க. அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் சொல்லாமல் விடுகிற ஒன்றைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் கிரைண்டர் பிறந்த சீமை. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர்தான் ஆட்டுக்கல்லை மோட்டாரில் சுற்ற வைத்தார் என்று சொல்வார்கள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லில் செய்த கிரைண்டர் என்றால் இன்றைக்கும் அதற்கு மதிப்பு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. என் அம்மா ஆட்டுக்கல் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாவாட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் மெஷினே வேண்டாம், பழைய காலம்தான் நல்லது என்று பேசுகிற ஆள் இல்லை. ஆட்டுக்கல் மாவுதான் ருசி என்று சொல்கிற ஆம்பளைகள் யாரும் ஒரு நாளும் ஆட்டினதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2011-ல் தொடங்கி அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுத்த பிறகு, ஓட்டு வீட்டிலும் காலனி வீட்டிலும்கூட மோட்டார் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்ஷன் அடுப்பு என்று வரிசையாக வந்துவிட்டன. சாமான் எல்லாம் புதுசு. ஆனால் அதைச் சொருகுகிற வயரிங்? இரண்டு குண்டு பல்பும் ஒரு ரேடியோவும் எரிவதற்காக என்றைக்கோ போட்டது. அங்கேதான் வம்பு இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். 1998-ல் என் தங்கச்சி வீட்டுக்கு நான்தான் வயரிங் செய்தேன். கையில் காசு இல்லாத நேரம். ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயர் மட்டும் இழுத்தேன். மூணாவதாக எர்த் வயர் இழுத்து, குழி தோண்டிப் பைப் இறக்க வேண்டும். அதை விட்டுவிட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு, இப்ப லைட்டுதானே எரியுது" என்றேன். பிளக் பெட்டியில் மூன்று ஓட்டை இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒரு வயரும் இல்லை.

2014 தீபாவளிக்கு அவள் ஒரு கிரைண்டர் வாங்கினாள். எவர்சில்வர் பாடி. கொஞ்ச நாளில், "அண்ணா, தொட்டா சுருக்குங்குது" என்றாள். நான் வருகிறேன், வருகிறேன் என்றேன். அவள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டினாள். செருப்புப் போட்டால் சுருக்கு தெரியவில்லையாம். ஒரு நாள் கழுவி விட்ட ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, உளுந்து தள்ளிவிட ஒரு கையைப் பாடிமேல் ஊன்றியிருக்கிறாள். பிடித்த கை விடவில்லை. மாப்பிள்ளை ஓடி வந்து மெயினை அணைத்ததால் உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் நேராக நீளாது.

கிரைண்டர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவக் கழுவ, ஈரம் மோட்டாருக்குள் இறங்கி, கரண்ட் பாடிக்கு வந்துவிட்டது. எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கரண்டுக்குப் போக ஒரு வழி இருந்திருக்கும். வழி இல்லாததால் என் தங்கச்சி வழியாகப் போனது. அந்த வயரிங் நான் செய்தது.

இப்போது உங்கள் வீட்டு மூன்று பின் பிளக்கை எடுத்துப் பாருங்க. ஒரு பின் மட்டும் மற்ற இரண்டைவிடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். அதுதான் எர்த் பின். நீளம் எதற்கென்றால், சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். கரண்ட் வருவதற்கு முன்பே காவல் வந்துவிடுகிறது, கரண்ட் போன பிறகுதான் காவல் போகிறது. அந்தப் பின்னைத்தான் நம் ஆட்கள் ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்து எறிகிறார்கள், இரண்டு ஓட்டைப் பெட்டியில் சொருக வேண்டும் என்பதற்காக! போன மாசம் ஒரு பெரியம்மா வீட்டில், "இதுல மூணாவது பின் எங்கீங்க?" என்று கேட்டேன். "அது எதுக்குங் கண்ணு, ரெண்டுலயே நல்லா ஓடுது" என்றார். ஓடும், பெரியம்மா. மெஷின் ஓடுவதற்கு அந்தப் பின் தேவையே இல்லை. அது உங்களுக்காக வைத்தது.

எல்லாச் சாமானுக்கும் மூன்று பின் வேண்டுமா என்றால், இல்லை. செல்போன் சார்ஜர், முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்த சில சின்னச் சாமான்கள் இரண்டு பின்னோடு வரும். அவற்றின்மேல் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருக்கும். உள்ளே இரட்டைக் காப்பு இருக்கிறது என்று அர்த்தம். கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடு செய்யும் ராடு போன்றவை கம்பெனியிலிருந்தே மூன்று பின்னோடுதான் வரும். வந்தபடியே மூன்றும் வேலை செய்ய வேண்டும். ராடு விஷயத்தில் இன்னொன்று: சூடு பார்க்கக் கையை விடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்க. இதில் சமாதானமே கிடையாது.

சரி, எர்த் எப்படிப் போடுவது? ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப்பை நிலத்தில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து வயரை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒவ்வொரு பிளக் பெட்டிக்கும் கொடுக்க வேண்டும். ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்துத் தோண்டுங்க. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் எர்த்தும் செத்துப்போகும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றணும். முன்காலத்தில் சில பேர் தண்ணீர்க் குழாயில் வயரைச் சுற்றிவிடுவார்கள். அன்றைக்கு இரும்புக் குழாய், ஏதோ கொஞ்சம் வேலை செய்தது. இன்றைக்கு வீடெல்லாம் பிளாஸ்டிக் குழாய். அதில் சுற்றுவதும் கயிற்றுக்கட்டிலில் சுற்றுவதும் ஒன்றுதான்.

அதைவிட மோசமான குறுக்கு வழி ஒன்று உண்டு. எர்த் இல்லாத வீட்டில், பிளக் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் ஓட்டையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவது. சோதித்துப் பார்த்தால் எர்த் இருக்கிற மாதிரியே காட்டும். என்றைக்காவது காற்றிலோ மழையிலோ நியூட்ரல் அறுந்தால், வீட்டிலுள்ள அத்தனை இரும்புச் சாமானின் பாடியிலும் கரண்ட் வந்து நிற்கும். இப்படிச் செய்து கொடுக்கிற வயர்மேனை வீட்டுக்குள் விடாதீங்க.

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் விழுந்துவிடும்" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். விழாது. எம்.சி.பி. என்பது வயர் சூடேறி எரியாமல் காப்பதற்கு. 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 ஆம்பியருக்குமேல் போனால்தான் அசையும். மனுஷ உடம்பில் அதில் ஒரு சின்னப் பங்கு போனாலே நெஞ்சு நின்றுவிடும். உடம்பைக் காப்பதற்கு இருப்பது ஆர்.சி.சி.பி. என்கிற வேறு சாமான். பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். ஃபேஸ் வயரில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அந்த 6 ஆம்பியரில் 200-ல் ஒரு பங்கு வேறு பக்கம் கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்க. அதைவிடப் பெரிய எண் போட்டதும் விற்கும், அது ஆளைக் காக்க ஆகாது. அதன் முகத்தில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்க.

நாட்டுப்புறத்தில் எர்த் குழி மட்டும் போதாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. காய்ந்த மண்ணில் எர்த் வழியாகப் போகிற கரண்ட், எம்.சி.பி.யை விழ வைக்கிற அளவுக்கு இருக்காது. பாடியில் கரண்ட் பாதி நின்றுகொண்டே இருக்கும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தால்தான் அது ஜோடி மாடு.

இண்டக்ஷன் அடுப்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். நல்ல சாமான்தான், புகை இல்லை. உள்ளே இருக்கிற சுருள் பாத்திரத்தின் அடியையே சூடாக்கும். காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும், அலுமினியமும் பித்தளையும் அதில் சூடேறாது. ஆனால் அது 2000 வாட்ஸ் வரை இழுக்கும். நம் வீட்டுச் சின்னப் பிளக் 6 ஆம்பியர், 1380 வாட்ஸுக்குமேல் தாங்காது. ஆகவே பெரிய 16 ஆம்பியர் பிளக், அதற்கேற்ற தடிமன் வயர், தனி லைன். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, அது கரிந்து நாறிய பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

விசிறிக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன், இது லாபக் கணக்கு. பழைய சீலிங் விசிறி 75 வாட்ஸ். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாசத்துக்கு 67 யூனிட்டுக்குமேல் ஆகும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. விசிறி ஏறக்குறைய 30 வாட்ஸ், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். ஒரு விசிறியிலேயே 40 யூனிட் மிச்சம். அதில் ஒரு குறை: பழைய விசிறி கெட்டால் பக்கத்து ஊர் வைண்டிங் கடையில் கட்டிக்கொள்ளலாம். இதற்குள் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. அது போனால் போர்டையே மாற்ற வேண்டும். கேரண்டி எத்தனை வருஷம் என்று கேட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்க.

தோட்டத்துக் குடியானவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மோட்டார் ரூமிலிருந்து சாளைக்கு லைட்டுக்கும் விசிறிக்கும் வயர் இழுக்கிறார்கள். விவசாய மின்சாரத்தை வீட்டுக்கு எடுப்பது சட்டப்படி தப்பு, அது ஒரு பக்கம் இருக்கட்டும். மோட்டாருக்கு வருவது மூன்று ஃபேஸ். நியூட்ரல் இல்லை என்று சொல்லி, ஒரு வயரை ஃபேஸிலும் இன்னொரு வயரை எர்த் பைப்பிலும் கொடுத்துப் பல்பை எரிய விடுகிறார்கள். அப்போது எரிகிற கரண்ட் முழுக்க அந்தப் பைப் வழியாக மண்ணுக்குள் போகிறது. சுற்றியுள்ள ஈர மண்ணில் அடிக்கு அடி மின்னழுத்தம் மாறும். மனுஷனுக்குக் கால் இடைவெளி குறைவு, செருப்பும் உண்டு. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஐந்தடி இடைவெளி, நடுவில் நெஞ்சு. வாய்க்காலில் தண்ணீர் குடிக்கப்போன மாடு காரணமில்லாமல் விழுந்து செத்தது என்றால், பூச்சி கடித்தது என்று முடிவு செய்யுமுன் மோட்டார் ரூம் எர்த் வயரைப் போய்ப் பாருங்க.

தங்கச்சி வீட்டுக்கு அந்த வருஷமே குழி தோண்டிவிட்டேன். சமையல்கட்டுத் தண்ணீர் போகிற இடம், ஈரம் காயாது. எல்லாப் பெட்டிக்கும் எர்த் இழுத்து, ஆர்.சி.சி.பி.யும் மாட்டினேன். காசு வாங்கவில்லை, வாங்க மனசு வரவில்லை. மாசம் பிறந்தால் அவளே பட்டனை அமுக்கிப் பார்த்து, விழுந்துச்சு அண்ணா என்று போன் பண்ணுவாள். ஒரு குறைதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: குழிக்குப் பக்கத்தில் நின்ற கறிவேப்பிலை, உப்புப் போட்டதில் காய்ந்துபோய்விட்டது. நீங்கள் தோண்டும்போது செடியை விட்டு நாலடி தள்ளித் தோண்டுங்க.