நடைபாதைக்கு ஒரு பூப்பந்தல்

யாழ்ப்பாணத்தில் பூங்காவுக்குப் போகும் நேரத்தைத் தீர்மானிப்பது வெய்யில்தான். சித்திரை, வைகாசியில் பின்னேரமாகும் வரை பிள்ளைகளையோ முதியவர்களையோ வெளியே விட எவருக்கும் மனம் வராது. ஆகவே பூங்காப் பாதைக்கு முதல் தேவை நிழல் என்பதே என் வாதம். 1829 முதல் 1867 வரை இங்கு அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் ஆக்லண்ட் டைக் பழைய பூங்காவில் மரங்களை நாட்டினார். அந்த நிழலை இன்றும் அனுபவிக்கிறோம். மரத்துக்கு ஈடில்லைத்தான். ஆனால் மரம் பெருக்கப் பல ஆண்டுகள் செல்லும். கொடி சில ஆண்டுகளிலேயே பந்தலை மூடிவிடும். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், 1988இல் உலகக் கண்காட்சி நடந்த ஆற்றங்கரை இப்போது பூங்கா. அங்கே ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு வளைந்த உருக்குத் தூண்களில் கடதாசிப் பூக்கொடி படர்ந்திருக்கிறது. மக்கள் அதன் கீழேயே நடக்கிறார்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது நியாயமே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே நமக்கு எல்லாம். அதனால்தான் கடதாசிப் பூவைச் சொல்கிறேன். அதை ஒருமுறை கையிலெடுத்துப் பாருங்கள். நிறமாகத் தெரியும் மூன்றும் இதழ்களல்ல, பூவைச் சுற்றிய இலைகள். உண்மையான பூ நடுவில் வெள்ளையாய்ச் சின்னக் குழலாக நிற்கும். அந்த இலைகள் மெல்லியவை, உலர்ந்தவை, எளிதில் வாடுவதில்லை. வேர் பிடிக்கும் வரைதான் இறைப்பு வேண்டும். பிறகு தண்ணீர் கூடினால் தழைதான் தழைக்கும். மண் காய்ந்தால் பூ நிறையும். நம் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான கொடி எது?

முள் குத்தும், சோளகக் காற்று பந்தலைச் சரிக்கும் என்பது அடுத்த தயக்கம். முள்ளுக்கு மருந்து கத்தரிப்பு: பக்கக் கிளைகளை ஆளுயரத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். காற்றுக்கு மருந்து ஆழ ஊன்றிய தூணும் இழுத்துக் கட்டிய கம்பியும். வலிகாமத்துத் திராட்சைத் தோட்டக்காரருக்கு இந்த வேலையை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பொது நூலகத்தை அண்டிய சுப்பிரமணியம் பூங்காவில் ஒரு சிறு பாதையோடு மாநகர சபை தொடங்கட்டும். பராமரிப்புக்கு ஒரு தோட்டக்காரரையும் அப்போதே நியமிக்கட்டும். நேயர்களே, மழைக்காலம் தொடங்கும் ஐப்பசியே கொடி நட நல்ல காலம். அதற்கு முன்னரே உங்கள் வட்டார உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.