லயத்து வாசலில் இளவேனில்

இலக்கியம் பேச வேண்டிய இடத்தில் பூச்செடியையும் மரக்கறியையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அந்த மட்டிலாவது இது இலக்கியமாகும்.

'தோட்டம்' என்று சொன்னால் யாழ்ப்பாணத்து நேயருக்கு மிளகாயும் வெங்காயமும் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டவருக்குக் கிணறும் தென்னையும் தெரியும். மலைநாட்டில் பிறந்த எங்களுக்கோ தோட்டம் என்றால் தேயிலை மலை, ஸ்டோர், லயம், பெரட்டுக்களம், துரை பங்களா எல்லாம் சேர்ந்த ஒன்று. "நீங்க எந்தத் தோட்டம்?" என்று ஒருவர் கேட்டால், உங்கள் வீட்டுப் பின்புறத்தில் என்ன பயிரிட்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, எந்தக் கம்பனியின் மலையில் உங்கள் பெயர் பதிந்திருக்கிறது என்று கேட்கிறார். 1914இல் மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ பால-ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். அந்தத் தலைப்பில் உள்ள தோட்டமும் இதுவேதான்.

இப்படி அந்தச் சொல்லைக் கம்பனி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே, லயத்துக்கு முன்னும் பின்னும் எங்கள் ஆட்கள் கொத்திக் கிளறிய துண்டு நிலத்துக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. நான் வளர்ந்த ராகலைப் பக்கத்து லயத்தில் பூ நின்ற இடத்தை 'வாசல்' என்பார்கள். மரக்கறி நின்ற இடம் 'காணி'. இரண்டும் சேர்ந்து ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை எங்கள் அப்பாயிதான் எனக்குப் புரியவைத்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ராகலையைப் பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகக் கிழக்கே போனால் வருகிற ஊர்; கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல். நானுஓயாவிலிருந்து இவ்வூர் வரை ஒரு சிறிய ரயில் ஓடியது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அந்தக் குறுகிய பாதை 1940களில் மூடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் செல்லத்தான் அதைப் போட்டார்கள். தண்டவாளம் போய்விட்டது, பாதை கிடந்த தடம் சில இடங்களில் இன்றும் தெரியும்.

இந்த உயரத்தில் இளவேனில் எப்படி வரும்? நாம் படித்த செய்யுள்களில் மாந்தளிர் தின்று குயில் கூவும். ராகலைக் குளிருக்கு மாமரம் நின்று பிடிக்காது. எங்கள் இளவேனில் வேறு வகை. தை, மாசியில் இரவு வானம் தெளிந்திருந்தால் விடியற்காலையில் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல உறைபனி கிடக்கும். வெயில் ஏறியதும் போஞ்சிக்கொடியும் உருளைக்கிழங்கு இலையும் சுட்டுப்போட்டதுபோலக் கருகிவிடும். பங்குனி பிறந்து பிற்பகல் மழை இரண்டு மூன்று விழுந்தபின் மண் இளகும். அப்போதுதான் முள்ளை எடுத்துக்கொண்டு அப்பாயி காணிக்குள் இறங்குவார். சித்திரை வருஷப்பிறப்புக்கு வாசல் நிறைந்திருக்கும். நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக 'வசந்த காலம்' கொண்டாடுவதும் அதே மாதத்தில்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் விக்டோரியா பூங்காவைப் பார்ப்பார்கள். லயத்து வாசலைப் பார்க்க எவர் வருவார்?

அந்த வாசலில் என்னென்ன நின்றன? டேலியா, அதை அப்பாயி 'டேரா' என்பார். கொஸ்மோஸ், கிளாடியோலஸ், பழைய டின்களில் ஜெரேனியம், கானோரத்தில் வெள்ளை லில்லி, மூலையில் நீலமும் ஊதாவுமாக ஹைட்ரேஞ்சியா, சாமிக்கு என்று செவ்வந்தி. இவற்றுள் ஒன்றுகூட இந்த மலைக்குச் சொந்தமானதல்ல. டேலியாவும் கொஸ்மோசும் மெக்சிக்கோவிலிருந்து வந்தவை. ஜெரேனியமும் லில்லியும் தென்னாபிரிக்காவைச் சேர்ந்தவை. மரக்கறியும் அப்படித்தான். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே பண்ணை அமைத்து ஐரோப்பியப் பயிர்களை வளர்த்துப் பார்த்தார். (பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனாரே, அவரேதான்.) 1861இல் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக ஹக்கலையில் தொடங்கிய தோட்டம் பிறகு தாவரவியல் பூங்காவாகி, குளிர்தேசத்துச் செடிகளுக்குப் புகுந்த வீடாயிற்று. தேயிலையே சீனத்துச் சரக்கு. அதைக் கிள்ள வந்த எங்கள் பாட்டன் பாட்டிமார் திருச்சி, சேலம், மதுரைச் சீமைக்காரர். ஆக, எல்லாரும் வந்தேறிகள், வேர் பிடித்தவர்கள்.

ஆனால் இந்தப் பூக்கள் துரை பங்களாவிலிருந்து லயத்துக்கு எப்படி வந்தன? சரித்திரப் புத்தகத்தில் இதற்கு விடை கிடைக்காது. எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். என் தாத்தா பங்களாவில் பூத்தோட்ட வேலை பார்த்தவர். கவ்வாத்து முடிந்த ஜெரேனியக் கிளையைக் குப்பையில் போடும்போது இரண்டு துண்டு அவருடைய கோட்டுப் பைக்குள் போய்விடும். டேலியாக் கிழங்கைப் பிரிக்கும்போது சிறியது ஒன்று தலைப்பாகைக்குள் ஏறிவிடும். இதைத் திருட்டு என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. "வெட்டிப் போடுறத எடுத்தா அது களவா?" என்பார். பத்து வருஷத்தில் லயத்து வாசல்கள் பத்தும் பங்களா மாதிரி ஆகிவிட்டன.

அப்பாயியின் வளர்ப்பு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுப் பட்டியிலிருந்து எருவும் அடுப்பிலிருந்து சாம்பலும் கொண்டுவந்து மண்ணில் கலப்பார். டேலியா முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார். கொழுந்து கிள்ளிப் பழகிய கையல்லவா? பக்கக் கிளை அடித்ததும் ஒவ்வொரு கிளையிலும் நடு மொட்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுவார். பூ ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு விரியும். அதைத் தாங்க மிலாற்றுக் குச்சி ஊன்றி வாழைநாரால் கட்டுவார். மழை நாளில் வேரில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்று சரிவாக மண் அணைப்பார். உருளைக்கிழங்குக்கும் அதே மண் அணைப்பு. மூடுபனி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் முகம் வாடிவிடுவார். இலைக்கருகல் வந்தால் ஒரு கிழமையில் காணி முழுதும் போய்விடுமே.

1971 என்று நினைவு. எங்கள் தோட்டத்துக்கு – பெயர் வேண்டாம் – புதிதாக வந்த துரை ஒருவர் ஒருநாள் காலை லயங்களைப் பார்வையிட்டார். மறுநாள் கண்டாக்கையா நான்கு ஆட்களோடு வந்தார். லயத்துப் பின்புறக் காணிகளை எல்லாம் வெட்டி அழிக்க உத்தரவு. தேயிலை நிலத்தை ஆட்கள் பிடித்துக்கொண்டே போகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கோவா, நோக்கோல், ராபு, முளைவிட்ட உருளைக்கிழங்கு எல்லாம் அரைநாளில் மண்ணோடு மண்ணாயின. அப்பாயி அழவில்லை; இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே பார்த்தார். வேலை முடிந்து ஆட்கள் முன்பக்கம் வந்தபோது வாசலில் பூக்கள் நின்றன. அவற்றை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். கண்டாக்கையா கையசைத்தார். "பூ இருக்கட்டும். லயம் பார்க்க லட்சணமா இருக்குன்னு தொரை சொன்னாரு."

அப்பாயிக்கு அது போதுமாயிருந்தது. பூச்செடி ஆண்டுக்கணக்கில் நின்றாலும் யாரும் நிலத்தைக் கேட்பதாக எடுத்துக்கொள்வதில்லை. மரக்கறி ஒரு போகம் நின்றால் போதும், இது என் மண் என்று அது சொல்லத் தொடங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டைத் துரையும் அறிந்திருந்தார், அப்பாயியும் அறிந்திருந்தார். அடுத்த பங்குனியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கிளாடியோலஸ் வரிசைக்கு நடுவே லீக்ஸ் நட்டார். இரண்டுக்கும் இலை வாள்போல நீளம். கொஸ்மோசுக்குள் கரட் விதையைத் தூவினார். இரண்டுக்கும் இலை சீப்புப் பல்போல நுணுக்கம். டேலியாவின் பின்னால் உருளைக்கிழங்கு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பூந்தோட்டம்தான். துரைமார் பத்தடிக்குக் கிட்ட வருவதில்லை. கண்டாக்கையாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒருநாள் நின்று பார்த்தார், "பூ நல்லா வந்திருக்கு, ஆயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

1973, 74இல் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. பாணுக்கு வரிசை, மாவும் சீனியும் எட்டாத பொருளாயின. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்த இரண்டு வருஷமும் எங்கள் லயத்தில் அடுப்பு எரிந்தது பூவுக்குள் ஒளிந்திருந்ததைக் கொண்டுதான். அவித்த உருளைக்கிழங்கை மசித்து, கிடைத்த கைப்பிடி கோதுமை மாவோடு பிசைந்து அப்பாயி தட்டிய ரொட்டியின் ருசியை நான் பிறகு எந்த ஹோட்டலிலும் கண்டதில்லை. மரத்தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலை உரித்து, பச்சை மிளகாயும் உப்பும் வைத்து நசுக்கினால் சம்பல். தோலோடு நசுக்கிவிட்டால் கசக்கும். சிறுவர்கள் அவசரப்படுவோம், அடி விழும். சீனி கண்ணில்பட்ட அபூர்வமான நாளில் அதே பழம் ஒரு துண்டு கறுவாவோடு கொதித்து ஜாமாக இறங்கும். வருஷப்பிறப்புக்கு அதிரசம் இல்லாத வருஷம் அது. பூசணியைத் துருவி, கருப்பட்டி கொஞ்சம் சேர்த்து உள்ளே வைத்த கொழுக்கட்டைதான் பலகாரம். வாசலில் டேலியா பூத்திருந்தது. சாமிக்கு வைத்தோம்.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கைச்சாத்தானது. அதன்படி என் சின்ன அத்தை குடும்பம் இந்தியாவுக்குப் போனது அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பிறகுதான். தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் பெட்டியைச் சோதிப்பார்கள் என்று பயந்து, இரண்டு டேலியாக் கிழங்கைப் பழைய சேலைக்குள் சுருட்டி வைத்தார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில் மாமாவுக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், "டேரா முளைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லவும்" என்றிருந்தது. படித்துக் காட்டியவன் நான். அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார் அப்பாயி.

பிறகு எத்தனையோ நடந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. 2022 நெருக்கடியின்போது, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு எதுவோவும் வந்தது. எங்கள் காணியை வெட்டியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

அண்மைக் காலத்தில் தோட்டத்து மக்கள் சிலருக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு கிடைத்திருக்கிறது. பலர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் மிச்சம் 1,350. கால்நடைப் பாதைக்கும் கானுக்கும் விட்டாலும் ஆயிரமாவது தேறும். அப்பாயியின் வாசலையும் காணியையும் சேர்த்து அதற்குள் பலமுறை மடித்து வைக்கலாம்.

என் தங்கையின் மகளுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. போன சித்திரையில் போய்ப் பார்த்தேன். வெட்ட வருவார் யாருமில்லை; காகிதம் அவள் பெயரில் இருக்கிறது. ஆனாலும் முன்பக்கம் முழுதும் கிளாடியோலஸ் பூத்து நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன், இடையிடையே லீக்ஸ். கொஸ்மோசை விலக்கினேன், உள்ளே கரட்.

"ஏம்மா இப்படிக் கலந்து போட்டிருக்க? தனித்தனியாப் பாத்தி பிடிக்க இடமிருக்கே?" என்றேன்.

"அப்படித்தானே மாமா போடுவாங்க? அம்மாவும் அப்படித்தான் போடும்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தக்காளி ஜாம் ஒரு போத்தல் தந்தாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இன்றிரவு வானொலியைத் திறந்து வைத்திருந்தால் கேட்டிருப்பாள்.