சூளைக்கும் அடுப்புக்கும் ஒரே பணம்



பழைய வீடுகளின் மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கானில் பியூஸ் கேரியர் இருக்கும். கார்த்திகைக்கு வாசலில் வைக்கும் பீங்கான் அகல், கொலுப்படியில் நிற்கும் சின்னப் பொம்மை எல்லாமே நமக்குப் பழக்கமானவை. இவற்றைச் செய்து அனுப்பும் ஊர்களில் ஒன்று கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடைத்த வெள்ளைக் களிமண், இந்தத் தொழில் இங்கே வேர்பிடிக்க முக்கியக் காரணம். செராமிக் தொழிற்பேட்டை அமைத்தது அரசு. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்விக்கூடமும் இங்கே வந்தது. அரசு முன்நின்று வளர்த்த தொழில் இது என்பதால்தான், கஷ்டகாலத்தில் அரசின் உதவி யாருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க விருத்தாசலத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். களிமண்ணோடு வேறு கனிமப் பொடிகளையும் சேர்த்து, தண்ணீர்விட்டுக் குழம்பாகக் கரைக்கிறார்கள். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் படலம் கெட்டிப்பட்டதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்கிறார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது பெரும்பாலும் பெண்களின் கைகள். விரல் கொஞ்சம் அழுத்தினாலும் பொம்மையின் மூக்கு போய்விடும். பிறகு காயவைத்து, சூளையில் அடுக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடவேண்டும். சூளையில் பாதிதான் சரக்கு இருக்கிறது என்றால் எரிபொருள் பாதியாகக் குறைந்துவிடாது. அதனால் சூளை நிறையும்வரை காத்திருக்கவேண்டும். அதுவரைக்கும் மண்ணுக்கும் கூலிக்கும் போட்ட பணம் முடங்கிக் கிடக்கும்.

சரக்கு விற்பதோ புரட்டாசி நவராத்திரிக்கும் கார்த்திகை தீபத்துக்கும். மழை பிடித்துவிட்டால் காயாது. ஆகவே நல்ல வெயில் அடிக்கிற பங்குனி, சித்திரையில் செய்து சேர்க்கவேண்டும். 2020 மார்ச் 25ஆம் தேதி கொரோனா ஊரடங்கு வந்ததும் சரியாக அந்தப் பங்குனியில்தான். கையில் இருந்த பணமெல்லாம் மண்ணிலும் அரைகுறைச் சரக்கிலும் போட்டிருக்கும் நேரம் அது.

அப்போது வீடுகளுக்கு வந்த உதவி வேகமாக வந்தது, அதை மனதாரச் சொல்லவேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தார்கள். 2021 இரண்டாம் அலையில் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாயும் 14 மளிகைப் பொருள்கள் அடங்கிய பையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்கு இது போய்ச் சேர்ந்தது. எப்படி முடிந்தது? ரேஷன் கடை ஏற்கெனவே ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில் இருந்தது. நீ ஏழையா, எவ்வளவு ஏழை என்று யாரும் விசாரிக்கவில்லை. கஷ்டம் வந்த பிறகு வழி தேடவில்லை, வழி முன்பே போட்டிருந்தது. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை போகிறதே, அதையும் நான் அப்படி முன்பே போட்டுவைத்த வழியாகத்தான் பார்க்கிறேன். சூளை எரியாத மாதத்திலும் நாள் தவறாமல் வரும் பணம் அது.

பட்டறைகளுக்கு வந்த உதவியின் கதை வேறு. 2020 மே மாதம் மத்திய அரசு மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக்காலக் கடன் திட்டத்தை அறிவித்தது. பிணை வேண்டாம், கடன் திரும்பாவிட்டால் முழுப் பொறுப்பும் அரசுடையது. நல்ல திட்டம், பல தொழில்களைக் காப்பாற்றிய திட்டம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் உங்களுக்கு எவ்வளவு கடன் நிலுவையோ, அதில் 20 சதவீதம் கிடைக்கும். ஐந்து லட்சம் நிலுவை இருந்தவருக்கு ஒரு லட்சம். வங்கிக்கே போகாமல் நகையை அடகுவைத்தும், கைமாற்று வாங்கியும், வியாபாரியிடம் முன்பணம் பெற்றும் சூளை ஏற்றியவருக்கு? பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தான். ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வேலைசெய்பவர்களுக்கான உதவியும் இப்படியேதான் கைநழுவிப் போனது. 100 பேர்வரை வேலைசெய்யும் நிறுவனங்களில், பெரும்பாலானோர் மாதம் 15 ஆயிரத்துக்குக் குறைவாகச் சம்பளம் வாங்கினால், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் சேர்த்து 24 சதவீத வருங்கால வைப்புநிதியை 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்திய அரசே கட்டியது. ஆனால் வைப்புநிதிச் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். எட்டுப் பெண்கள் பொம்மை துடைக்கும் பட்டறைக்கு அந்தப் பதிவே இல்லை. பதிவு இல்லாததால் உதவியும் இல்லை.

என் குறை இதுதான். வீட்டுக்கு ஒரு திட்டம், தொழிலுக்கு ஒரு திட்டம் என்று அரசு பிரித்து வைத்திருக்கிறது. குடும்பமே நடத்தும் பட்டறையில் அப்படிப் பிரிக்க எதுவுமே இல்லை. சூளைக்கு வைத்த பணம் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது எரிபொருளுக்குப் போகும். ஜெர்மனியில் வேலை குறைந்தபோது, தொழிலாளி இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, நிறுவனம் வழியாகவே அரசு கொடுத்தது. ஆள் வேலையைவிட்டுப் போகவில்லை, வீட்டு அடுப்பும் எரிந்தது. நம் ஊரில் அப்படிச் செய்யக் கைத்தொழில் பட்டறைகளின் ஆள் பதிவேடு வேண்டும். நல்ல காலத்திலேயே அதைத் தயார்செய்துவைப்பது பெரிய செலவில்லை. பொம்மை துடைக்கத் தெரிந்த பெண் ஒருமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்தக் கைப்பழக்கத்தை எந்தக் கடனும் திருப்பிக் கொண்டுவராது.

புதுக் கடனைவிடப் பட்டறைக்காரர்களுக்கு அவசரமாக வேண்டியது, ஏற்கெனவே வரவேண்டிய பணம். சரக்கு எடுத்த வியாபாரி பண்டிகை முடிந்து மாதக்கணக்கில் இழுத்தடிப்பது புதிதல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருடா வருடம் சரக்கு எடுப்பவர்மேல் யார் புகார் கொடுப்பார்? அடுத்த ஆர்டர் போய்விடுமே! அதனால் வருமானவரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தை நான் மிகவும் வரவேற்கிறேன். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், பணம் தரும்வரை அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் காட்டி வரிக்கழிவு பெறமுடியாது. யாரும் யார்மீதும் புகார் கொடுக்கவேண்டாம். வியாபாரியின் ஆடிட்டரே அவரை அவசரப்படுத்துவார்.

இன்னொன்று, அரசே சரக்கு வாங்குவது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் எடுக்கவேண்டும், அதில் மூன்று சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு என்று விதி இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் நிறுவனமும் மத்தியப் பொதுத்துறைதான். மண் தந்த ஊர் ஆர்டரும் தரலாம். எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் வந்த பிறகு பியூஸ் கேரியருக்குத் தேவை குறைந்துவிட்ட நிலையில், புதிதாக என்ன வார்க்கலாம் என்று பட்டறைகளுக்குச் சொல்லித்தரவும் அப்படி ஒரு நிலையான வாடிக்கையாளர் வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்ன 45 நாள் பாதுகாப்புக்கும் வரிவிதிக்கும் கொள்முதல் ஒதுக்கீட்டுக்கும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு அவசியம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பதிவு எண் கிடைத்ததும் நீங்கள் போடும் ஒவ்வொரு பில்லிலும் அதை அச்சடித்துவிடுங்கள். சரக்கு எடுப்பவரின் கணக்குப்பிள்ளை கண்ணில் அது படவேண்டும்.